சேத எதிர்ப்புள்ள இனத்துக்கு என்ன விலை வைப்பது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அம்மாப்பேட்டையில் நான்கு நண்பர்களோடு ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, ஒருவர் நடத்தும் கதைக்குள் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை, 2014ஆம் ஆண்டு விதிநூலை வைத்து, ஆடத் தொடங்கப்போகிறீர்கள். தன் பாத்திரத்தின் இனமாக ஒருவர் நரக வம்சாவளி கொண்ட டீஃப்லிங்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், அவருக்கு நெருப்புச் சேதம் பாதிதான்; இதைத்தான் எதிர்ப்பு என்கிறோம். இன்னொருவர் குள்ளர் இனமான டுவார்ஃப், அவருக்கு நஞ்சு பாதி. மனிதனைத் தேர்ந்தெடுத்தவர் தனக்கு மட்டும் எந்த எதிர்ப்பும் இல்லையே என்று வருந்துகிறார். டீஃப்லிங்கைத் தடை செய்துவிடலாமா என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. இதற்கிடையில் சேர்வராயன் மலையைப் போன்ற ஒரு நாட்டைக் கற்பனை செய்து, அங்கே வாழும் கல்தோல் மக்களை ஒரு புது இனமாக எழுதி, குளிர், நஞ்சு, ஆயுத அடி ஆகிய மூன்றுக்கும் எதிர்ப்புக் கொடுக்க நினைக்கிறீர்கள். எந்த இனம் பலமானது என்று கேட்டிருந்தாலும், ஒரு சேத எதிர்ப்பின் மதிப்பு எவ்வளவு, அந்த மதிப்பை நிர்ணயிப்பது யார் என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சேலத்தில் ஒரு கல்லூரியில் நீண்ட காலம் புள்ளியியல் கற்பித்தவன். மூன்றரைப் பதிப்புக் காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டு மாடியில் ஆட்டம் நடத்திவருகிறேன். ஆகவே கீழே வருவனவற்றில் இரண்டு வகை உண்டு. விதிநூலில் அச்சாகியிருப்பதும் அதிலிருந்து கணக்காகக் கிடைப்பதும் உறுதியானவை. நீங்களே தாளில் போட்டுச் சரிபார்க்கலாம். எது அதிக பலம், எது ஆட்டத்தைக் கெடுக்கும் என்று நான் சொல்பவை ஒரே மேஜையில், ஏறத்தாழ ஒரே ஆட்களோடு ஆடிப் பெற்ற அனுபவம். அவற்றை அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

உறுதியானவற்றிலிருந்து தொடங்குகிறேன். ஐந்தாம் பதிப்பில் சேத வகைகள் 13. வெட்டு, குத்து, மொத்து ஆகிய மூன்றும் ஆயுத வகை. நெருப்பு, குளிர், மின்னல், அமிலம், நஞ்சு, இடிமுழக்கம், மனச்சேதம், ஒளிச்சேதம், சாவுச்சேதம், மந்திரவிசை ஆகியவை மற்ற பத்து. ஒரு வகைக்கு எதிர்ப்பு இருந்தால் அந்த வகைச் சேதம் பாதியாகும், பின்னம் வந்தால் கீழ்நோக்கி முழுமையாக்க வேண்டும். 7 என்றால் 3 மட்டும் படும். ஒரே வகைக்கு இரண்டு இடங்களிலிருந்து எதிர்ப்புக் கிடைத்தாலும் ஒருமுறைதான் பாதியாகும். வேறு கழித்தல்கள் எல்லாம் முடிந்த பிறகே பாதியாக்க வேண்டும்: 25 சேதம் வந்து, ஏதோ ஒரு மந்திரம் அதில் 5 கழித்தால் 20, பிறகு பாதி 10. இந்த வரிசையை மாற்றிப் பன்னிரண்டரையில் ஐந்து கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் எதிர்ப்பு நூல் நினைத்ததைவிடப் பலமாகிவிடும்.

அடிப்படை நூலில் இந்த எதிர்ப்பைப் பெற்ற இனங்கள் மிகக் குறைவு. டுவார்ஃபுக்கு நஞ்சு, அதோடு நஞ்சுக்கு எதிரான சேவிங் த்ரோவில் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் இருபது பக்கப் பகடையில்) அட்வான்டேஜும் (இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளும் உரிமையும்) உண்டு. ஸ்டவுட் வகை ஹாஃப்லிங்குக்கும் அதுவே. டீஃப்லிங்குக்கு நெருப்பு. டிராகன்பார்னுக்கு மூதாதை டிராகனின் நிறத்தைப் பொறுத்து ஒன்று. அவ்வளவுதான். எல்ஃப், மனிதன், நோம், ஹாஃப்-எல்ஃப், ஹாஃப்-ஆர்க் ஆகியோருக்குச் சேத எதிர்ப்பு எதுவும் இல்லை. அவர்களுக்கு வேறு வழியில் ஈடு செய்திருக்கிறார்கள். வருந்தும் அந்த மனிதரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: ஒன்பது இனங்களில் பாதிக்கு மேல் அவரோடுதான் இருக்கின்றன.

இனி கணக்கு. எதிர்ப்பின் சராசரி மதிப்பு ஒரே ஒரு எண்ணைப் பொறுத்தது. உங்கள் பாத்திரம் இந்தக் கதை முழுவதிலும் வாங்கப்போகும் மொத்தச் சேதத்தில் அந்த வகையின் பங்கு எவ்வளவு என்பதே அந்த எண். நெருப்பின் பங்கு நூற்றில் 10 என்றால், நெருப்பு எதிர்ப்பு மொத்தச் சேதத்தில் நூற்றில் 5 குறைக்கிறது. அதாவது 100 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) உள்ளவர் ஏறத்தாழ 105 உள்ளவரைப் போல நிற்பார். நெருப்பே வராத கதையில் அது வெறும் எழுத்து. இதை இன்னொரு இனத்தின் கொடையோடு ஒப்பிட்டால் அளவு தெளிவாகும். டுவார்ஃபில் ஒரு வகையான ஹில் டுவார்ஃபுக்கு லெவலுக்கு ஒரு ஹிட் பாயின்ட் கூடுதல். கான்ஸ்டிடியூஷன் (உடல் திடம்) கூட்டல் 2 உள்ள ஐந்தாம் லெவல் விசார்டை, அதாவது மந்திரவாதி வகுப்புப் பாத்திரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் லெவலில் 8, அடுத்த நான்கு லெவலுக்குச் சராசரிப்படி ஆறாறு, ஆக 32. ஹில் டுவார்ஃபாக இருந்தால் 37. அந்த ஐந்து புள்ளிக்கு நெருப்பு எதிர்ப்பு ஈடாக வேண்டுமென்றால், அந்த விசார்ட் வாங்கும் மொத்தச் சேதத்தில் நூற்றுக்கு 27 பங்கு நெருப்பாக இருக்க வேண்டும். கான்ஸ்டிடியூஷன் கூட்டல் 3 உள்ள, போர்வீரர் வகுப்பான ஃபைட்டருக்கு 49 இருக்கும் இடத்தில் 54 வரும். அங்கே ஈடாவதற்கு நெருப்பின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 18.5 போதும். எரிமலைக்குள் நடக்கும் கதையாக இருந்தாலொழிய, முன்வரிசையில் நிற்கும் ஃபைட்டருக்கு இந்தப் பங்கு வராது. அவர் வாங்குவதில் பெரும்பகுதி வாளும் பல்லும் நகமுமாகத்தான் இருக்கும். ஆகவே சராசரியை மட்டும் பார்த்தால், நீங்கள் தடை செய்ய நினைக்கும் அந்த டீஃப்லிங்கின் எதிர்ப்பு, யாருமே புகார் சொல்லாத ஹில் டுவார்ஃபின் ஒற்றைப் புள்ளியைவிடச் சிறியது.

ஆனால் சராசரியோடு நிறுத்திக்கொண்டால் நான் கற்பித்த பாடத்துக்கே துரோகம் செய்தவனாவேன். பாத்திரங்கள் சராசரியில் சாவதில்லை. ஒரு கெட்ட சுற்றில் சாகின்றன. அதே 32 ஹிட் பாயின்ட் விசார்டின் மேல் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் விழுகிறது என்று வையுங்கள். ஆறு பக்கப் பகடை எட்டு, சராசரி 28, அதிகபட்சம் 48. சேவிங் த்ரோ தவறிவிட்டால், எதிர்ப்பு இல்லாதவர் முழு உடல்நலத்தோடு நின்றிருந்தாலும் அந்த ஒரே வீச்சில் விழுவதற்கு நான்கில் ஒன்றுக்குச் சற்றே குறைவான வாய்ப்பு உண்டு. ஏனென்றால் எட்டுப் பகடையில் 32 அல்லது அதற்கு மேல் வருவது அந்த அளவுக்கு நடக்கக்கூடியது. நெருப்பு எதிர்ப்பு உள்ளவருக்கு மிக மோசமான வீச்சே 24தான். அவர் விழவே மாட்டார். அடுத்த சுற்றில் அவர் நின்றபடியே, விழுந்த மற்ற மூவரையும் காப்பாற்றப்போகிறார். சராசரிக் கணக்கில் ஐந்து சதவீதமாகத் தெரிந்த அதே வரி, அந்த ஒரு மாலையில் குழு முழுவதும் அழிவதற்கும் பிழைப்பதற்கும் இடையில் நின்றுவிடுகிறது. உங்கள் நண்பர் நினைவில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்லப்போவதும் அந்த மாலையைத்தான். எதிர்ப்புள்ள இனங்கள் உண்மையில் இருப்பதைவிடப் பலமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். எதிர்ப்பு தன்னைக் காட்டிக்கொள்ளும் தருணம் எல்லோர் கண்ணிலும் படுகிறது, லெவலுக்கு ஒரு புள்ளி யார் கண்ணிலும் படுவதில்லை.

டுவார்ஃபின் நஞ்செதிர்ப்பு இன்னும் நுட்பமானது, ஏனென்றால் அதில் இரண்டு கொடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்கின்றன. தொடக்க லெவல்களில் நீங்கள் எப்படியும் பயன்படுத்தப்போகும் ராட்சதச் சிலந்தியையே எடுத்துக்கொள்வோம். அதன் கடியில் குத்துச் சேதம் சராசரி 7.5, பிறகு இலக்கு 11க்கு எதிராகக் கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோ, தவறினால் நஞ்சு சராசரி 9, வென்றால் அதில் பாதி. சேவிங் த்ரோவில் கூட்டல் 2 உள்ள மனிதன் பத்தில் ஆறு முறை வெல்வான். முழுமையாக்குவதை விட்டுவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு கடியிலும் சராசரியாக 6.3 நஞ்சு வாங்குவான். அதே கூட்டல் 2 உள்ள டுவார்ஃப் அட்வான்டேஜோடு இரண்டு பகடை உருட்டுவதால் நூற்றில் 84 முறை வெல்வான், பிறகு வருவதும் பாதியாகும். அவனுக்குச் சராசரி 2.6தான். பாதி என்று நூலில் இருக்கிறது, நடைமுறையில் பாதிக்கும் வெகு கீழே இறங்கிவிட்டது. எதிர்ப்பையும் சேவிங் த்ரோ உதவியையும் ஒரே வகைக்குச் சேர்த்துக் கொடுத்தால் அவை கூடுவதில்லை, பெருகுகின்றன. உங்கள் புது இனத்தை எழுதும்போது மறக்கக்கூடாத கணக்கு இது.

இந்த விலைப் பிரச்சினை உங்களுக்குப் புதிதாக வந்ததன்று. இந்த ஆட்டம் பிறந்த நாளிலிருந்து வடிவமைப்பாளர்கள் இதோடு போராடியிருக்கிறார்கள். 1974இன் முதல் தொகுப்பில் டுவார்ஃப் ஆறாம் லெவலுக்கு மேலும் ஹாபிட் (இன்றைய ஹாஃப்லிங்) நான்காம் லெவலுக்கு மேலும் உயர முடியாது. பிறவிக் கொடைக்கு விலையாக எதிர்காலத்தை எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் இலவசம், முடிவில் முழுக்கடன் என்ற இந்த முறை யாருக்கும் நீதி செய்யவில்லை, ஏனென்றால் பெரும்பாலான ஆட்டங்கள் அந்த லெவலை எட்டுவதற்குள் நின்றுவிடும், எட்டியவர்களுக்கோ ஆட்டமே முடிந்துவிடும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்த வரம்பை நீக்கியது. 2003இன் மூன்றரைப் பதிப்பு வேறு வழியில் விலை வைத்தது: டீஃப்லிங்குக்கு நெருப்பு, குளிர், மின்சாரம் மூன்றுக்கும் 5 அளவு எதிர்ப்பு (வரும் சேதத்தில் 5 கழியும்), அதற்கு ஈடாக ஒரு லெவல் பின்தங்கியே நடக்க வேண்டும். நான் நடத்திய முதல் நீண்ட ஆட்டத்தில் ஒருவர் இதை ஏற்றுக்கொண்டார். மூன்றாம் லெவல் மந்திரங்கள் மற்றவர்களுக்கு வந்த மாலையில் அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை மறக்க முடியவில்லை. ஐந்து அளவு எதிர்ப்பு ஒரு முழு லெவலுக்கு ஈடாகவே ஆகாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் முதல் பதிப்புக்காரர்கள் 2012இல் இனங்களுக்குப் புள்ளி விலைப்பட்டியலே போட்டார்கள். அதன்படி மனிதன் 9, ஹாஃப்-ஆர்க் 8, டுவார்ஃப் 11, டீஃப்லிங் 13, ஆசிமார் 15. நிலத்தடி எல்ஃப்களான டிரவ்களில் பிரபு வகை 41. வழக்கமான இனங்கள் எட்டிலிருந்து பதினொன்றுக்குள் அடங்கிவிடுவது கவனிக்கத்தக்கது. கச்சிதமான சமநிலை என்று எதுவும் இல்லை, ஏற்கத்தக்க ஒரு அகலம் மட்டுமே உண்டு என்பதை வடிவமைத்தவர்களே ஒப்புக்கொண்ட இடம் அது. அந்தப் பட்டியலின் குறை என்னவென்றால், விலை கடையில் ஒட்டப்பட்டுவிடுகிறது. பொருளை எந்த ஊருக்கு எடுத்துச் செல்கிறோம் என்று அது கேட்பதில்லை.

கழித்தலுக்கும் பாதியாக்கலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் போதுமான அளவு எண்ணிப்பார்ப்பதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கும்போது ஒரு கடைக்காரர் செய்கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கிறேன் என்கிறார், இன்னொருவர் பாதிக் கூலி என்கிறார். குழந்தையின் மெல்லிய கொலுசுக்கு முதல் கடை நல்லது, கல்யாணக் கொலுசுக்கு இரண்டாவது கடை நல்லது. இங்கும் அப்படியே. மூன்றரைப் பதிப்பின் 5 அளவு நெருப்பு எதிர்ப்பு, ஒரு பகடை அளவு தீக்காயத்தை ஏறத்தாழ முழுவதும் அழித்துவிடும். ஆறு விழுந்தால் மட்டும் ஒரு புள்ளி படும். ஆனால் 63 சேதம் தரும் டிராகன் மூச்சின் முன்னே அது 58 ஆக்குவதோடு சரி. ஐந்தாம் பதிப்பின் பாதி, சிறு தீயில் ஒன்றிரண்டு புள்ளிதான் மிச்சப்படுத்தும், முழு வளர்ச்சி பெற்ற சிவப்பு டிராகனின் சராசரி 63ஐ 31 ஆக்கிவிடும். ஆக, கழித்தல் சில்லறை ஆபத்துகளிலிருந்து காக்கிறது. பாதியாக்கல் பேராபத்திலிருந்து காக்கிறது. 2019இன் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு நடுவழி தேடியது: அங்கே ஃபோர்ஜ் டுவார்ஃபுக்கும் சார்ஹைட் காப்ளினுக்கும் நெருப்பு எதிர்ப்பு அவரவர் லெவலில் பாதி. ஐந்தாம் லெவலில் அது வெறும் 2. 28 வரும் இடத்தில் 26 ஆகும். ஆனால் உடம்பில் பற்றிக்கொண்டு ஒவ்வொரு சுற்றும் சுடும் நெருப்பில் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு கழியும். இனம் உயிரைக் காப்பாற்றாது, ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் சிறிதளவு தன்னை உணர்த்தும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். இது ருசி சார்ந்த விருப்பம், நிரூபணம் இல்லை.

கணினி ஆட்டங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் உங்கள் நண்பர்களில் பலர் அங்கிருந்துதான் வந்திருப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்கைரிம் ஆட்டத்தில் நார்டு இனத்துக்குக் குளிர் எதிர்ப்பு நூற்றுக்கு 50, டார்க் எல்ஃபுக்கு நெருப்பு 50, பிரெட்டனுக்கு எல்லா மந்திரத்துக்கும் 25. கேட்கும்போது 25 சிறிதாகத் தெரிகிறது. ஆனால் பிரெட்டன் தனக்குத் தனியாக 50 நெருப்பு எதிர்ப்பை வேறு வழியில் தேடிக்கொண்டால், 100 நெருப்பு முதலில் 50 ஆகி, அதில் கால்பங்கு கழிந்து 37.5 ஆகிறது. அகலமான சிறு எதிர்ப்பு, குறுகிய பெரிய எதிர்ப்போடு சேரும்போது அதன் உண்மையான மதிப்பு தெரிகிறது. இன்னொன்று: சதவீத எதிர்ப்பில் 50இலிருந்து 75க்குப் போவது, சுழியிலிருந்து 50க்குப் போவதற்குச் சமமான தாவல், இரண்டிலும் படும் சேதம் பாதியாகிறது. இதனால்தான் அந்த ஆட்டத்தில் 85இல் வரம்பு கட்டியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய மாரோவிண்டிலும் ஒப்லிவியனிலும் ஹை எல்ஃபுக்குக் கூடுதல் மந்திரசக்திக்கு விலையாக நெருப்புக்கும் குளிருக்கும் மின்னலுக்கும் பலவீனம் வைத்திருந்தார்கள். 2011இல் ஸ்கைரிம் வந்தபோது அந்தப் பலவீனத்தை நீக்கிவிட்டார்கள். தனியாக ஆடும் கணினி ஆட்டத்தில் அந்தப் பலவீனத்தை ஒரு சவாலாக ஏற்றுக்கொள்ளலாம். தோற்றால் சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். மேஜையில் அந்த வசதி இல்லை. ஆகவே உங்கள் இனத்துக்கு எதிர்ப்புக் கொடுத்து, சமப்படுத்துவதற்காக இன்னொரு வகைக்குப் பலவீனம் வைக்கலாம் என்று தோன்றினால் தயவுசெய்து வேண்டாம். ஐந்தாம் பதிப்பில் பலவீனம் என்றால் சேதம் இரட்டிப்பு. 28 சராசரி உள்ள ஃபயர்பால் 56 ஆகும். அது சமநிலை ஆகாது, நாள் குறிக்காத மரண தண்டனை.

இப்போது என் சொந்தத் தவறு, ஏனென்றால் நீங்கள் எழுதியிருக்கும் கல்தோல் இனத்தை நான் ஏற்கெனவே எழுதித் தோற்றவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில், ஏற்காட்டில் ஏரிக்குச் சற்று மேலே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்று நாள் தொடர்ந்து ஆடினோம். மழை விடவே இல்லை, வெளியே சில்வர் ஓக் மரங்கள்கூட மூடுபனியில் தெரியவில்லை; ஆட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான பருவம் இல்லை. அதற்காகவே ஒரு பாறை மக்கள் இனத்தை எழுதி, வெட்டு, குத்து, மொத்து மூன்றுக்கும் எதிர்ப்புக் கொடுத்தேன். மூன்றும் ஒன்றுதானே, ஆயுதம்தானே என்று நினைத்தேன். முதல் நாள் அந்த ஆட்டக்காரர் மகிழ்ச்சியாக இருந்தார். இரண்டாம் நாள் காலையில் எதுவும் அவரை வீழ்த்துவதில்லை என்று தெரிந்ததால் எதிரிகளின் அடியைக் கூட்டினேன். கூட்டிய அடி அவர்மேல் சரியாக விழுந்தது. பக்கத்தில் நின்ற சாதாரண எல்ஃப் மேல் இரண்டு மடங்காக விழுந்தது. அன்று மாலைக்குள் இரண்டு பாத்திரங்கள் செத்தன, இரண்டுமே எதிர்ப்பு இல்லாதவை. அந்த ஆட்டக்காரர்களிடம் நான் கேட்ட மன்னிப்பு உண்மையானது. தவறு பகடையில் இல்லை, என் பேனாவில் இருந்தது.

என்ன நடந்தது என்பதைப் பிறகு கணக்காகப் பார்த்தேன். பங்கு என்று மேலே சொன்ன அந்த எண், ஆயுதச் சேதத்துக்கு மற்ற பத்து வகைகளையும் சேர்த்தாலும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. அது நூற்றில் 70 என்று வைத்துக்கொண்டால், எதிர்ப்பு மொத்தச் சேதத்தில் 35 குறைக்கும். 100 ஹிட் பாயின்ட் உள்ளவர் 154 உள்ளவரைப் போல நிற்பார். இதே எதிர்ப்பை பார்பேரியன் வகுப்புக்கு விதிநூல் எப்படிக் கொடுக்கிறது என்று பாருங்கள்: கோபம் மூண்டால் மட்டும், ஒரு நிமிடம் மட்டும், நாளுக்குச் சில முறை மட்டும், கனமான கவசம் இல்லாமல், மந்திரம் ஓதாமல். ஒரு வகுப்பின் உயிர்நாடியான கொடையை, அத்தனை நிபந்தனைகளோடு கொடுத்த ஒன்றை, நான் பிறவிச் சொத்தாக நிபந்தனையின்றி எழுதிக்கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை அதை நீக்கிவிட்டு, கோலியாத் இனத்தின் கல்லுறுதியை வைத்தேன்: அடி விழும்போது ஒருமுறை பன்னிரண்டு பக்கப் பகடையை உருட்டி, கான்ஸ்டிடியூஷனையும் கூட்டி, அந்த அடியிலிருந்து கழித்துக்கொள்ளலாம், பிறகு ஓய்வெடுத்த பின்தான் மீண்டும். ஆட்டம் உடனே சீரானது. அதைவிட முக்கியமாக, அந்த ஆட்டக்காரருக்கு இதுதான் அதிகம் பிடித்தது; எப்போது பயன்படுத்துவது என்ற முடிவு அவர் கையில் இருந்தது. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் எதிர்ப்பு ஆட்டக்காரரிடம் எதையும் கேட்பதில்லை. பகடையை உருட்டிக் கழிப்பது கேட்கிறது.

மனிதனைத் தேர்ந்தெடுத்த நண்பரிடம் சொல்வதற்கும் ஒன்று இருக்கிறது. சேத எதிர்ப்பு கண்ணுக்குத் தெரியும் பலம். அதைவிடப் பெரிய பலங்கள் வேறு பெயரில் நிற்கின்றன. நோம் இனத்துக்கு மந்திரத்துக்கு எதிரான அறிவு, ஞானம், ஆளுமை சேவிங் த்ரோக்களில் அட்வான்டேஜ். 2016இல் வந்த யுவான்-டி இனத்துக்கு நஞ்சு அறவே தீண்டாது, எல்லா மந்திரத்துக்கும் எதிராகச் சேவிங் த்ரோவில் அட்வான்டேஜ். 2022இல் அதைத் திருத்தியபோது நஞ்சு விலக்கை வெறும் எதிர்ப்பாக இறக்கினார்கள், ஆனால் மந்திரத்துக்கு எதிரான உதவியை விட்டுவைத்தார்கள். முடக்கும் மந்திரம் ஒன்றில் சிக்கி ஐந்து சுற்று அசையாமல் நிற்பவர் இழப்பது எந்த நெருப்பும் எடுக்காத அளவு. மாற்றுவகை மனிதனுக்கு முதல் லெவலிலேயே ஒரு ஃபீட் (சிறப்புத் திறன்) கிடைக்கிறது. அதை நன்றாகத் தேர்ந்தெடுத்தால் அவர் மேஜையிலேயே பலமானவராக இருப்பார் என்பது என் அனுபவம். பதின்மூன்று வகைச் சேதத்தில் ஒன்றுக்குக்கூடப் பாதி இல்லையே என்று அவர் வருந்த வேண்டியதில்லை.

2024 விதிநூலுக்கு மாற நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் வலிமை, அறிவு போன்ற பண்புகளுக்கான கூடுதல் புள்ளிகள் இனத்திலிருந்து பாத்திரத்தின் பின்புலத்துக்கு (முந்தைய வாழ்க்கைக்கு) போய்விட்டன. டீஃப்லிங்கின் எதிர்ப்பும் மரபைப் பொறுத்து நெருப்பு, நஞ்சு, சாவுச்சேதம் என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. முன்பு இனம் தந்தவற்றில் எதிர்ப்பு ஒரு சிறு பகுதி. இப்போது புள்ளிகள் விலகிவிட்டதால், மிஞ்சியவற்றில் அது பெரிய பகுதியாகத் தெரிகிறது. நீங்கள் எழுதும் இனத்தை அந்த நூலின் இனங்களோடு ஒப்பிடும்போது இந்தக் கண்ணோட்ட மாற்றம் உங்களை ஏமாற்றக்கூடும்.

ஆகவே உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் நான் செய்யக்கூடியது இது. டீஃப்லிங்கைத் தடை செய்ய மாட்டேன். அவர் இருக்கிறார் என்பதற்காக நெருப்பைக் குறைக்கவும் மாட்டேன், கூட்டவும் மாட்டேன். குறைத்தால் அவர் வாங்கிய பொருளை அவருக்குத் தெரியாமல் திருப்பி எடுத்துக்கொண்டதாகும். கூட்டினால் மற்ற மூவரையும் தண்டித்ததாகும். எதிர்ப்பின் விலையை நிர்ணயிப்பது யார் என்று தொடக்கத்தில் கேட்டேனே, ஆட்டம் நடத்தும் நீங்கள்தான். எந்த எதிரியை எழுதுகிறீர்கள் என்பதில் அந்த விலை இருக்கிறது. அதனால் பாத்திரங்களை உருவாக்கும் நாளிலேயே உங்கள் மலைநாட்டில் எந்த ஆபத்துகள் அதிகம் என்று நால்வரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பாம்பும் சிலந்தியும் பனியும் நிறைந்த மலை, நெருப்பு அரிது என்று தெரிந்தும் ஒருவர் டீஃப்லிங்கைத் தேர்ந்தெடுத்தால் அது அவருடைய முழு அறிவோடு செய்த தேர்வு. டுவார்ஃபைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது நல்ல காலம்.

கல்தோல் மக்களுக்குக் குளிர், நஞ்சு இரண்டில் ஒன்றை மட்டும் கொடுங்கள். உங்கள் மலையில் பாம்பும் சிலந்தியும் அதிகம் என்றால் குளிரைக் கொடுங்கள், ஏனென்றால் அதிகம் வரும் வகைக்கு எதிர்ப்புக் கொடுத்தால் விலை ஏறும். அதே வகைக்குச் சேவிங் த்ரோ உதவியைச் சேர்க்காதீர்கள். ஆயுத எதிர்ப்பை முற்றிலும் விட்டுவிட்டு, கோலியாத்தின் கல்லுறுதியைப் போல ஓய்வுக்கு ஒருமுறை கழித்துக்கொள்ளும் கொடையை வையுங்கள். இரண்டும் சேர்ந்தே ஓர் இனத்துக்குப் போதுமான உடல்வலு. மற்ற கொடைகள் போரைத் தொடாதவையாக, பாறையில் ஏறுவது, மூடுபனியில் வழி தப்பாமல் நடப்பது போன்றவையாக இருக்கட்டும். கூடவே ஒரு வேண்டுகோள்: சேர்வராயன் மலையில் உண்மையில் வாழும் மக்களின் பெயரையோ வழிபாட்டையோ அந்த இனத்துக்கு வைக்காதீர்கள். மலையின் பாறையையும் மழையையும் மிளகுக்கொடியையும் எடுத்துக்கொள்ளலாம். மனிதர்களை எண்களாக மாற்றுவது அவர்களுக்கு நியாயமாகாது.

எழுதி முடித்ததும், ஆட்டத்துக்கு முந்தைய வாரம், அந்த இனத்தில் ஒரு பாத்திரத்தையும் அதே வகுப்பில் ஒரு மனிதனையும் தாளில் உருவாக்கி, நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் மூன்று சண்டைகளை இருவரையும் வைத்துத் தனித்தனியாக நடத்திப் பாருங்கள். மூன்றிலும் ஒருவரே நிற்கிறார் என்றால் எங்கோ விலை தவறியிருக்கிறது. மூன்று சண்டை என்பது புள்ளியியல்படி மிகச் சிறிய மாதிரி, அதை வைத்துச் சமநிலை இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் ஏற்காட்டில் நான் செய்ததைப் போன்ற பெரிய பிழையைப் பிடிக்க அது போதும். அந்தச் சண்டைகளின் எண்களை எழுதி அனுப்பினால், நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.